நூறடித் தஞ்சாவூர்

பிப்ரவரி 11, ஞாயிறு

செவ்வந்தி,

இத்தனை இரவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இதழினி தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கின்றன. இன்று அவள் தூங்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. போனில் அடித்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடித்தால் அழிப்பேன். அழித்து அழித்து நல்லவளாகிவிடுவேன். அதனால் என் நாட்குறிப்பில் ஒரு மாதத்துப் பக்கங்களைக் கிழித்து இதோடு வைக்கிறேன். அவற்றில் நீ இருக்கிறாய், நல்ல விதமாக இல்லை. எதையும் திருத்தவில்லை. தேதி வரிசையில் படி. கேட்க வேண்டியதைக் கடைசிப் பக்கத்தில் கேட்கிறேன்.

மங்கையர்க்கரசி


ஜனவரி 8, திங்கள்

குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்தது. எடை ஆறு கிலோ நூறு. அட்டையில் உள்ள கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. நர்ஸ் "பரவால்லம்மா" என்றார். பரவாயில்லை என்றால் கோடு எதற்கு?

கல்லூரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் செவ்வந்தி போன் செய்தாள். என் இடம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். கௌரவ விரிவுரையாளருக்கு ஏது இடம்? சம்பளமில்லாத விடுப்பு, "ஜூன்ல பாத்துக்கலாம் மங்கை" என்று துறைத் தலைவர் திலகவதி மேடம் சொன்ன வாய்ச்சொல், அவ்வளவுதான்.

அவளுக்குக் கயிறு வேண்டுமாம்.

"பிள்ளைங்க அதையேதான் கேக்குதுங்க்கா. சீனியர்ங்க சொல்லியிருக்காங்க போல. ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க."

மூன்று வருடத்துக்கு முன்பு நானாக யோசித்துச் செய்தது அது. துணி காயப்போடும் பருத்திக் கயிறு, நூறடிக்கு அரையடி கூட. அடிக்கு ஒரு மைப்புள்ளி, ஓர் அடிக்குப் பத்து வருடம். விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்த 850-ஐ ஒட்டித் தொடங்கும். கடைசி மராட்டிய ராஜா ஆண் வாரிசில்லாமல் இறந்து, கும்பினிக்காரர்கள் ஊரை எடுத்துக்கொண்ட 1855-இல் முடியும். ஆட்சி மாறுகிற இடத்தில் முடிச்சு, முடிச்சில் கலர் நாடா. சோழருக்குச் சிவப்பு, நாயக்கருக்குப் பச்சை, மராட்டியருக்குக் காவி. முதலாண்டுப் பெண்கள் வாலிபால் மைதானத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ராஜராஜனுக்கும் இரண்டாம் சரபோஜிக்கும் நடுவே எண்பதடி என்று கண்ணால் பார்க்கும்போது எல்லாரும் ஒருமுறை "ஏ...யப்பா" என்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"எங்க வச்சேன்னு தெரியல, தேடிப் பாக்குறேன்" என்றேன். கயிறு என் தலைக்கு மேலே, தொட்டில் கொக்கிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.


ஜனவரி 10, புதன்

கேட்காமலே வந்துவிட்டாள். கையில் ஒரு கிலோ முந்திரி. ஜெயங்கொண்டத்துக்காரி. அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கிறதாம். பார்க்க இருபத்தைந்துகூட ஆகாதவள் போல இருக்கிறாள். புடவையில் ஒரு கசங்கல் இல்லை. நான் நைட்டியின் தோளில் பால் கறையோடு கதவைத் திறந்தேன்.

கயிற்றைக் காட்ட வேண்டியதாயிற்று. மொட்டைமாடியில் மூன்றாக மடக்கிப் போட்டோம். குனிந்து புள்ளி புள்ளியாக எண்ணிக்கொண்டே போனவள் சிவப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க்கா இது, 1279 வரைக்கும் சோழர் தஞ்சாவூர்லயே இருந்த மாதிரி கட்டியிருக்கீங்க?"

"ஏன், இல்லையா?"

"ராஜேந்திரன் எங்க ஊருக்கு வந்துட்டாருல்ல! 1025-லயே கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரம். அப்புறம் கடைசி வரைக்கும் அங்கதான். கணக்குப் பண்ணுங்க. உங்க கயித்துல இருபத்தஞ்சடி எங்களுக்குச் சேர வேண்டியது."

"ஓ, பட்டா வாங்கிட்டுத்தான் வந்திருக்கியா?"

"ராஜாவே விட்டுட்டு வந்துட்டாரு, நீங்க இன்னும் முடிச்சு போட்டுப் பிடிச்சு வச்சிருக்கீங்களேக்கா!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் கன்னம் வலித்தது.

கீழே இதழினி அழும் சத்தம். நான் படியிறங்குவதற்குள் அவள் ஓடித் தூக்கிவிட்டாள். தலையை ஆட்டி ஏதோ பாடிக் காட்டினாள். குழந்தை சத்தம் போட்டுச் சிரித்தது. முதல் முறை. நான்கு மாதமாக நான் காத்திருந்த சிரிப்பு.

"அக்கா, எப்பவும் இப்பிடித்தான் கலகலன்னு சிரிக்குமா?"

"ஆமா, எப்பவும்" என்றேன்.

நாடாவெல்லாம் பழசாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக் கயிற்றைக் கொடுக்காமல் அனுப்பினேன்.


ஜனவரி 11, வியாழன்

தடுப்பூசி. ஜுரம் நூறு. ஈரத்துணி, சொட்டு மருந்து.

அவள் சொன்னது சரிதான். எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். எம்.ஏ.வில் அதை எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கயிறு கட்டும்போது தஞ்சாவூரைக் காலியாக விட மனசு வரவில்லை. இந்த ஊரில் பிறந்த எவளும் அப்படித்தான் கட்டியிருப்பாள். மூன்று வருடமாகப் பிள்ளைகளிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியும் கேட்டதில்லை.


ஜனவரி 18, வியாழன்

பொங்கல் போயிற்று. பானை பொங்கும்போது குழந்தை கத்தியதில் எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

மாணவி ஷகிலாவின் ஸ்டேட்டஸில் படம். பெரிய கோயில் புல்தரையில் முப்பது பெண்கள், நடுவில் அவள். "எங்க செவ்வந்தி மிஸ்" என்று எழுதி இரண்டு இதயம். மூன்று வருடமும் நான் "மேடம்"தான்.

அந்தக் கோயில் சுற்றுப்பாதையில் சோழர் வரைந்ததன்மேல் நாயக்கர் சுண்ணாம்பு பூசித் தங்கள் ஓவியத்தை வரைந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் அடியில் ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. வகுப்பில் இதை ஆர்வமாகச் சொல்வேன். இன்றைக்குச் சொல்லச் சொன்னால் வேறு குரலில் சொல்வேன்.

இவர் மின்வாரியத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "என்ன, போனை மொறைச்சிக்கிட்டு இருக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல, கரன்ட் பில்லு."

"நம்ம வீட்டு பில்லப் பாத்து நீ மொறைச்சா, ஊருல இருக்கறவன் என்னைப் பாத்து மொறைக்க மாட்டானா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். சிரித்திருக்கலாம்.


ஜனவரி 22, திங்கள்

திலகவதி மேடம் போன். பிப்ரவரி ஆறாம் தேதி கல்லூரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. துறை சார்பில் கயிற்றுப் பாடத்தையே காட்டலாம் என்று முடிவு.

"நல்லதா போச்சு மேடம். நான் வந்து நடத்திடறேன்."

"கைக்குழந்தைய வச்சிக்கிட்டா? செவ்வந்தி நடத்தட்டும். நீங்க வந்து உக்காந்து பாருங்க. அந்தப் பொண்ணு நல்லா பண்ணுது மங்கை. பிள்ளைங்க அப்பிடி ஒட்டிக்கிச்சிங்க."

பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல், "ஜூன்லேர்ந்து நம்ம துறைக்கு ஒரே இடம்தானாம். பாப்போம், இந்த விசிட் எப்படிப் போகுதுன்னு."

உளுந்து ஊறவைத்திருந்தேன், மறந்துவிட்டேன்.


ஜனவரி 24, புதன்

கயிற்றுக்குப் புது நாடா மாற்றினேன். இதழினி பாயில் குப்புற விழக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு கண் அவள் மேல், ஒரு கண் கயிற்றின் மேல்.

காவி நாடா முடிச்சு எண்பத்திரண்டரை அடியில் இருக்கிறது. நாயக்கர் போய், ஏகோஜியோடு மராட்டியர் வந்த இடம். நடுவில் கிடந்த இரண்டு மூன்று வருடக் குழப்பத்தையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருந்தேன். இந்த இடத்துக்கு வரும்போது விஜயராகவ நாயக்கர் கதையைச் சொல்வேன். மதுரைப் படை கோட்டைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும், யார் கையிலும் சிக்கக் கூடாது என்று தன் அந்தப்புரத்தையே வெடிவைத்துத் தகர்க்கச் சொன்னார் என்பார்கள். பிள்ளைகள் தவறாமல் "ஏன் மேடம்?" என்று கேட்பார்கள். "மானம்" என்று சொல்வேன்.

அந்த முடிச்சை அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன். எங்கே கட்டினேன் என்று எழுதப்போவதில்லை.


ஜனவரி 25, வியாழன்

இவர் வேலைக்குப் போகிற வழியில் கல்லூரி வாசலில் கயிற்றைக் கொடுத்துவிட்டார். "எவ்ளோ நன்றி சொல்லுது அந்தப் பொண்ணு! உன்னைப் பத்தியே பேசுது" என்றார்.

முந்திரியை இன்னும் பிரிக்கவில்லை.


பிப்ரவரி 3, சனி

காலையில் அவள் போன் வந்தது. குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். காவி நாடா எண்பதரைல வருது. அப்ப 1655 ஆகுது. ஏகோஜி வந்தது அதுக்கு இருபது வருஷம் கழிச்சுல்ல? எண்பத்திரண்டரைகிட்ட கயிறு வெள்ளையா வேற இருக்கு, முடிச்சு இருந்து அவுந்த மாதிரி."

மூன்று வருட அழுக்கு ஏறாத இடம். அதை நான் யோசிக்கவே இல்லை.

"அது வேணும்னேதான் செவ்வந்தி" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. "வருஷா வருஷம் ஏதாவது ஒரு முடிச்சத் தப்பாக் கட்டி வைப்பேன். பிள்ளைங்களா கண்டுபிடிக்கணும். நீ மாத்திடாத."

"அய்யோ! இது நமக்குத் தோணலையே! செம யோசனைக்கா."

"முன்னாடியே யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் அதுல ஒண்ணுமில்ல."

"சத்தியமா சொல்ல மாட்டேன். அக்கா, இன்னொண்ணு. 1025-ல ஒரு மஞ்ச நாடா கட்டிக்கவா? நீங்க வேணாம்னா வேணாம்."

"கட்டிக்கோ" என்றேன். பெருந்தன்மையாக.


பிப்ரவரி 6, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து மணிக்கே போனேன். மைதானத்து ஓரம் பூவரசு நிழலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஷகிலாவும் மற்றவர்களும் ஓடிவந்து குழந்தையைக் கொஞ்சினார்கள். "மேடம் இளைச்சிட்டீங்க" என்றாள் ஒருத்தி. பிறகு எல்லாரும் "மிஸ் கூப்பிடறாங்க" என்று ஓடிவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். அவர்களில் திருச்சியிலிருந்து வந்திருந்த வயதான வரலாற்றுப் பேராசிரியர்தான் கேள்வி கேட்பவர். செவ்வந்தி பாடத்தை ஆரம்பித்த முதல் வாக்கியம், "இது மங்கையர்க்கரசி மேடத்தோட கயிறு சார். நான் பிடிச்சுக் காட்டப்போறேன், அவ்ளோதான்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவள் இப்படி இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

நன்றாகத்தான் நடத்தினாள். மஞ்சள் நாடா பக்கம் வந்ததும் பேராசிரியர், "பரவால்லியே, தஞ்சாவூர்க்காரங்க இத ஒத்துக்கவே மாட்டாங்களே. நீங்க எந்த ஊர்?" என்றார்.

"ஜெயங்கொண்டம் சார்."

"அதானே பாத்தேன்!"

மைதானமே சிரித்தது. மேடம் சிரித்தார். பாண்டியர், விஜயநகரம், பச்சை நாடா. பிறகு காவி. நாடாவைப் பிடித்திருந்த பெண் புள்ளியை எண்ணி "எண்பதரை சார்" என்றாள். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"1655. அப்ப ஏகோஜி தஞ்சாவூர்ல என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தார்? மாமனார் வீட்டு விருந்தா?"

மறுபடியும் சிரிப்பு. செவ்வந்தியும் சிரித்தாள், பயமே இல்லாமல். "அது பிள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்னு வேணும்னே வச்சது சார். நீங்க முந்திட்டீங்க."

"ஓகோ. யார் ஏற்பாடு?"

"மேடத்தோட ஏற்பாடு சார்."

திலகவதி மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா மங்கை? எங்ககிட்டல்லாம் சொல்லவே இல்ல."

இதழினி என் தாலிச் சரட்டை வாயில் வைத்திருந்தாள். அதை மெதுவாக எடுத்தேன். எடுத்து முடிக்கிற வரை நேரம் இருந்தது.

"இல்லையே மேடம். நான் குடுத்தப்ப சரியாத்தான இருந்துச்சு."

செவ்வந்தி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. தப்பாகிப்போன கணக்கை முதல் வரியிலிருந்து திரும்பப் படிப்பவளைப்போல். பிறகு பேராசிரியரைப் பார்த்துச் சொன்னாள்: "என் தப்புதான் சார். எடுத்துக் கட்டும்போது மாத்திக் கட்டிட்டேன்."

"தப்பு யார் வேணா பண்ணலாம்மா" என்றார் அவர். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அதைத் தூக்கி இன்னொருத்தர் தலைல வைக்கிறது நல்லா இல்ல. அதுவும் உன்னை நம்பிக் குடுத்தவங்க."

மிச்ச இருபது அடியையும் நடத்தி முடித்தாள். ஒரு தேதியும் தப்பவில்லை. யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.


பிப்ரவரி 7, புதன்

மேடம் போன் செய்தார். ஜூனில் நான்தான். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

சாயங்காலம் இவர் ஜாங்கிரி வாங்கிவந்தார். இரண்டு சாப்பிட்டேன்.


பிப்ரவரி 8, வியாழன்

ஷகிலா கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வரவில்லை.

"மிஸ் இன்னைக்கு வரல மேடம். நேத்தும் வரல" என்றாள் செருப்பைப் பார்த்துக்கொண்டு. "மேடம், மிஸ் பொய் சொல்லுவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

கயிறு நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். காவி நாடா எண்பத்திரண்டரையில், சரியான இடத்தில், அவள் கட்டிய முடிச்சு. மஞ்சள் நாடாவை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் முதலில் கட்டியபடியே, 1279 வரை தஞ்சாவூர் முழுக்க எனக்கு.


பிப்ரவரி 9, வெள்ளி

இவருடைய அக்கா போனில் கூப்பிட்டிருந்தார். இவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களைக்குக் கேட்டது.

"...அதாங்க்கா, இவ இடத்துக்கு வந்த பொண்ணு. நல்ல பொண்ணுன்னுதான் நானும் நெனச்சேன். தான் பண்ணின தப்ப எல்லார் முன்னாடியும் மங்கை மேல போடப் பாத்துச்சாம். பாவம், இவ பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு அங்க போயி உக்காந்திருக்கா."

நான் இவரிடம் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததைப் பாதி சொன்னேன், மீதியை இவரே கட்டிக்கொண்டார். நாளைக்கு அக்கா நாலு பேரிடம் சொல்வார். ஷகிலா வளர்ந்து வேறு ஏதோ கல்லூரியில் பாடம் நடத்தும்போது, பொய் சொன்ன ஒரு மிஸ்ஸைப் பற்றிச் சொல்வாள். மூன்றே நாளில் இது நடந்ததாகவே ஆகிவிட்டது.

வெடிவைத்த கதையில் அந்தப்புரத்துப் பெண்களில் ஒருத்தி பெயரைக்கூட நான் சொன்னதில்லை. தெரியாது. தேடியதும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய், "போனை வைங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். இவர் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏன் மங்கை?"

மானம் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவமேல பொறாம" என்றேன்.


பிப்ரவரி 10, சனி

இவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். திலகவதி மேடம் வீட்டுக்குப் போனேன். மேடம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நின்றுவிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். இல்ல, சொல்லாமலே இருந்திருக்கணும். இப்ப வந்து சொன்னா நான் என்ன பண்றது?"

"தெரியல மேடம்."

"இருக்கறது ஒரே இடம்."

"தெரியும் மேடம்."

"அந்தத் திருச்சி சாருக்கு நீங்க கைப்பட எழுதணும்."

எழுதியே கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு நாலு நாளா போன் போடறேன், எடுக்கல. 'இனிமே வரல மேடம்'னு ஒரு வரி அனுப்பிச்சு, அவ்ளோதான். அவ வரேன்னு சொன்னா அவ பேரை எழுதறேன். வரலன்னா வெளில ஆள் தேடுவேன். ரெண்டுல எதுவானாலும் உங்க பேரு இல்ல மங்கை."

"சரிங்க மேடம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார். "பிள்ளைங்ககிட்ட யார் சொல்றது?"

"நான் வரேன் மேடம். திங்கக்கிழமை, முதல் பீரியட்."


பிப்ரவரி 11, ஞாயிறு (கடைசிப் பக்கம்)

செவ்வந்தி,

இதுதான் நடந்தது. நாளைக்குக் காலையில் முதலாண்டு வகுப்பில் நின்று இதையே சொல்லப்போகிறேன். முடிச்சு எங்கே இருந்தது, எங்கே மாற்றினேன், நீ போனில் என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்வேன். ராஜேந்திரன் எந்த வருடம் ஊரை விட்டுப் போனான் என்பதையும் சொல்வேன். பிறகு நேராகத் தபால் நிலையம் போய் இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. விட்டுக்கொடுக்க என் கையில் ஒன்றும் மிச்சமில்லை. நான் மாறிவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். நீ அந்த மைதானத்தில் நிற்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஜூனில் இன்னும் எரியும். அது என் பாடு.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான். வேலைக்குத் திரும்பி வா. என்னிடம் பேச வேண்டாம், போன்கூட வேண்டாம். ஒரு கார்டில் எழுதினால் போதும், மேடத்திடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஜூனுக்கான பெயர்ப் பட்டியல் இருபதாம் தேதி போகிறது. வருவாயா மாட்டாயா என்று சீக்கிரம் பதில் எழுது.